மடித்தது எடுத்தது, மடிக்காதது புதுசு

மார்ச் 3, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். யாரிடம் கேட்கிறேன்? காலை ஆறு மணிக்கு மகள் வந்து என் இமையை விரலால் பிரித்து "விடிஞ்சாச்சு" என்று அறிவிக்கும்போது எழுந்தாக வேண்டிய அந்த இன்னொருத்தியிடம்தான். பாவம் அவள். ஆனால் எழுதாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது.

விடுப்பு கிடைத்துவிட்டது. இருபத்தொரு நாள். மார்ச் 28 முதல் ஏப்ரல் 17 வரை.

"மூணு வருஷமா சேர்த்து வச்சிருக்கம்மா. இப்ப எடுக்கலைன்னா போயிடும். எங்க போகப் போற?" என்றார் மேலாளர்.

"ரோட்டுல, சார். கார்ல. தனியா."

"நாள் முழுக்க ரோட்டுல நசுங்கினதைத்தானே பார்க்கிற? அலுக்கலையா?"

காப்பீட்டு அலுவலகத்தில் என் வேலை அது. அடிபட்ட வண்டிகளின் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, எந்தக் கீறல் புதியது, எது பழையது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது வண்டி. நாற்பதிலும் ஏதோ நடந்து முடிந்திருக்கும்.

இருபத்திரண்டு வயதில் வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை, மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். இப்போது முப்பத்தொன்று. கோடு அப்படியே இருக்கிறது. மிளகு பிறந்து மூன்றரை வருஷம் ஆகிறது, ஒரு ராத்திரி கூட அவளை விட்டு இருந்ததில்லை. இருபத்தொரு ராத்திரி!

(மிளகு என்பது மகள். அளவும் அது, காரமும் அது.)

மார்ச் 5, வியாழன்

நிதானத்திடம் சொன்னேன். என் கணவனுக்கு நான் வைத்த பெயர் அது. வீடு தீப்பிடித்தாலும் முதலில் செருப்பை ஜோடி சேர்த்து வைப்பான். ஒரே வகுப்பில் படித்தவன் என்பதால் 'அவன்'. அவன் அம்மா முன்னால் மட்டும் 'அவர்'.

"போயிட்டு வா" என்றான்.

அவ்வளவுதான். ஏன், எதுக்கு, தனியாவா என்று ஒன்றும் கிடையாது. நான் நான்கு நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த பதிலெல்லாம் வீண்.

விதிகளை மட்டும் நானே கேட்டு நானே எழுதிக்கொண்டேன். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு படம். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் ஐம்பதைத் தொடும் இடத்தில் என்ன இருக்கிறதோ அது. நல்ல இடம் தேடக் கூடாது. போனில் படம் எடுக்கக் கூடாது. கல்லூரிக் காலத்துக் கேமரா ஒன்று, அது படுத்துக்கொண்டால் இன்னொரு பொடிக் கேமரா. இரண்டும் ஃபிலிம்.

ஏன் ஃபிலிம்? எடுத்ததை உடனே பார்க்க முடியாது, அதனால்தான். கேஸ் மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறவள் நான். மிளகு தூங்கினால் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன், இன்றைக்கும்தான். பார்க்காமல் இருக்க நான் பழக வேண்டும்.

மார்ச் 7, சனி

காரைக் காட்டப் போனேன். கடையை நடத்துவது ஒரு மெக்கானிக் அக்கா. பிரேக், பெல்ட், பேட்டரி எல்லாம் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னி மாத்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

"யாரையாவது கூப்பிட்டுக்கலாம்னு…"

"யாரை? அங்க ரோடும் நீங்களும்தான் இருப்பீங்க." ஜாக்கியைக் கையில் திணித்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான்கு தடவை கழற்றி மாட்டினேன். முதல் தடவை முப்பத்தைந்து நிமிஷம், நாலாவது தடவை பதினொன்று. "ஒன்பதுக்குக் கொண்டு வாங்க. யார் கூட வர்றாங்க?"

"யாருமில்லக்கா."

"அப்ப வழியில சண்டை இல்லாம போய்ச் சேருவீங்க."

இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் இன்றைக்கு முழுக்க மனசு ஒரு இடத்தில் நின்றது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று ஒரு வெள்ளைக் கார். முன்பக்கம் மொத்தமும் உள்ளே. ஓட்டியது பெண், தனியாக வந்தவர். 'சேதம் புதியது' என்று எழுதிவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 14, சனி

அத்தை வந்துவிட்டார். நிதானத்தின் அம்மா. இரண்டு வாரம் முன்னாலேயே, தன் தலையணை, தன் குக்கர், தன் பிளாஸ்டிக் ஸ்டூல் சகிதம். "கடைசி நாள் வந்து இறங்கினா குழந்தைக்கு நான் விருந்தாளி. இப்பவே வந்தா வீட்டு ஆளு" என்றார். யோசித்துத்தான் செய்கிறார். அப்போ, போவது நிஜம்தானா?

அத்தையின் டப்பாக்களுக்கு ஃபிரிட்ஜில் இடம் வேண்டுமென்று, கெட்டுப்போகாமலிருக்க நான் அடித்தட்டில் வைத்திருந்த ஃபிலிம் ரோல்களையெல்லாம் நிதானம் எடுத்து ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி, மேலே 'பயணம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறான். அந்த எழுத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன்.

பன்னிரண்டு ரோல். சில புதுசு. மற்றவை மிளகு பிறந்த வருஷத்தில் எடுத்துவிட்டுக் கழுவாமலே போட்டவை. நான் எடுத்து முடித்த ஃபிலிமை முழுக்க உள்ளே சுற்றிவிட மாட்டேன். நுனி கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன், வீட்டில் கழுவும்போது இழுக்க வசதி. பார்க்கப் புது ரோல் மாதிரியே இருக்கும் என்பதால் எடுத்ததன் நுனியை மட்டும் மடித்து வைப்பேன். மடித்தது எடுத்தது, மடிக்காதது புதுசு. கல்லூரி நாளிலிருந்து இதே கணக்கு.

அந்த ரோல்களில் என்ன இருக்கிறது என்று நினைவில்லை. அந்த வருஷம் நான் சரியாக இல்லை. இதற்கு மேல் இந்த நோட்டில் கூட எழுத மாட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஒத்திகை. தொண்ணூறு கிலோமீட்டர் போய், தொண்ணூறு திரும்பினேன். விடியும் முன்பே பெட்டியில் மேலாக இருந்த ஒரு ரோலை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நுனி நேராக இருந்தது. ஒத்திகைதானே என்று ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக ரோலின் முப்பத்தாறு படத்தையும் எடுத்து முடித்தேன். பெட்ரோல் பங்க், பாலம், ஒரு பூட்டிய பள்ளிக்கூடம், லாரிக்கு அடியில் தூங்கும் டிரைவர்.

வீட்டுக்குப் போன் பண்ணியது பதினான்கு தடவை. பதினான்காவது தடவை அத்தை போனை வாங்கிக்கொண்டார். "ஏம்மா, அவ பாட்டுக்கு விளையாடறா. நீ கூப்பிடக் கூப்பிடத்தான் அவளுக்கு நீ இல்லைங்கற ஞாபகமே வருது. வண்டியைப் பார்த்து ஓட்டு."

திரும்பி வந்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். மிளகு தரையில் உட்கார்ந்து குக்கர் மூடிக்குத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தொப்பி.

எனக்கு எதில் பயம்? நான் இல்லாதபோது அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதிலா? இல்லை, ஒன்றுமே ஆகாது என்பதிலா?

மார்ச் 18, புதன்

சாயந்திரம் வேலை விட்டு வந்ததும் ஒத்திகை ரோலைக் கழுவினேன். குளியலறைக் கொடியில் தொங்கவிட்டு விளக்குக்கு நேராகப் பிடித்தேன். பெட்ரோல் பங்க் இருந்தது. அதன் மேல் ஒரு போர்வை. பாலத்தின் மேல் ஒரு குட்டிக் காது. சாலையின் நடுவில், லாரி அளவுக்கு, மூடிய ஒரு கை. பிறந்த குழந்தையின் கை.

எடுத்த ரோலிலேயே மறுபடியும் எடுத்திருக்கிறேன்.

பெட்டியைக் கொட்டினேன். பதினொன்றில் ஒன்றில் கூட மடிப்பு இல்லை. நுனிகள் எல்லாம் சீராக, ஒரே அளவில்.

"நுனியெல்லாம் என்ன பண்ணின?"

"மடங்கிக் கிடந்துச்சு. மிளகு வேலைன்னு நினைச்சேன். கேமராவுல சிக்கிக்குமேன்னு வெட்டி விட்டேன். அப்புறம் ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்னு, எல்லாத்தையும் ஒரே அளவா." முகத்தில் பெருமை வேறு!

"எல்லாத்தையுமா?"

"பன்னெண்டும்."

கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். எது எடுத்தது எது புதுசுன்னு இனிமே கடவுளுக்குக் கூடத் தெரியாது, உன் நேர்த்தியைத் தூக்கிக் குப்பையில போடு, யார் கேட்டா உன்னை! அவன் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

அவனை என்னன்னு திட்டறது? ஒன்பது வருஷம் கூட இருக்கான். மடிப்புக்கு என்ன அர்த்தம்னு ஒரு நாளாவது சொன்னேனா நான்? எதைத்தான் சொல்லியிருக்கேன்?

மார்ச் 19, வியாழன்

நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மிளகு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள்.

மார்ச் 20, வெள்ளி

படக்கடைக்குப் போனேன். நான் வீட்டில் கழுவும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்று கூட இல்லை, அடுத்த மாசக் கடைசியில்தான் வரும் என்றார் கடைக்காரர். இருப்பதையே மாட்டிக்கொண்டு போனால் மிளகின் முதல் வருஷத்தின் மேல் சாலைகளை எடுத்துத் தொலைப்பேன். எல்லாவற்றையும் கழுவினால் புதுசும் சேர்ந்து வீணாகும்.

சாப்பிடும்போது சொன்னேன். "போகலை. ஃபிலிம் இல்லாம போறதுல அர்த்தமே இல்லை."

சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தோளிலிருந்து எதையோ இறக்கியது போல. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்துபோனேன்.

அத்தை தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப நான் எதுக்கு இங்க வந்து, இவ பல்லைத் தேய்ச்சுவிட இவகிட்டயே கடி வாங்கினேன்? விரலைப் பாரு!"

நிதானம் மெல்லக் கேட்டான். "ஃபிலிம் கிடைச்சா போவியா?"

"கிடைக்காதே."

"நான் அதைக் கேட்கலை."

எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் நிதானம் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். "எனக்கு இதெல்லாம் தெரியாது, திட்டாதே. இன்னும் கொஞ்சம் வெட்டி, அதை மட்டும் கழுவிப் பார்த்தா தெரியாதா?"

நான் அவனையே பார்த்தேன். தெரியுமே! இருட்டில் ஒரு சாண் இழுத்து, வெட்டி, அந்தத் துண்டை மட்டும் கழுவினால் போதும். படம் இருந்தால் எடுத்தது, இல்லாவிட்டால் புதுசு. மூன்று படம் நஷ்டம், ரோல் மிச்சம். கல்லூரியில் நானே செய்திருக்கிறேன். ஏன் தோன்றவில்லை? தோன்ற வேண்டாம் என்று நினைத்தேனா?

மத்தியானம் முழுக்கக் குளியலறையில் இருந்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்கில் துண்டு. வெளியே நிதானம் காவல். உள்ளே நானும் அவனுடைய அதே கத்தரிக்கோலும். மிளகு கதவைத் தட்டினாள்.

"அம்மா, உள்ள என்ன பண்ற?"

"இருட்டு பண்றேன்."

"எனக்கும் கொஞ்சம் குடு."

பதினொரு துண்டு. ஆறு வெறுமை, ஐந்தில் படம். புது ரோல் பெட்டிகள் மேல் பேனாவால் எழுதி வைத்தேன். ஆறிலும் தலா முப்பத்து மூன்று படம் மிச்சம்.

ஆகவே ஃபிலிம் இருக்கிறது. இனிச் சாக்கு இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

நேற்று அந்த ஐந்தையும் முழுக்கக் கழுவி உலர்த்தினேன். இன்று சாயந்திரம் மேஜை விளக்கைக் கவிழ்த்து, மேலே கண்ணாடித் தட்டை வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதுகிறேன்.

தூங்கும் மிளகு. அடுத்த படத்தில் தூங்கும் மிளகு. அதற்கடுத்ததிலும். போர்வை கூட நகரவில்லை. கேமரா கூட நகரவில்லை. ரோல் முடிந்து, அடுத்த ரோல் மாட்டி, மறுபடியும் அதே தொட்டில், அதே போர்வை. அப்போதுதான் நினைவு வந்தது. அந்த வருஷம் நான் படம் எடுக்கவில்லை. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. கேமராவின் வழியே பார்த்து, நெஞ்சு ஏறும்போது ஒரு கிளிக். இறங்கி மறுபடி ஏறியதும் இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

நூற்று அறுபத்து மூன்று படம். அத்தனையையும் இன்றைக்குப் பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன், அலுவலகத்தில் பார்ப்பது போலவே, மூலை மூலையாக. நூற்று அறுபத்து மூன்றிலும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு குழந்தை தூங்குகிறது. அவ்வளவுதான் சேதி.

கடைசி ரோலில் ஒரே ஒரு படம் வேறு மாதிரி. தொட்டிலின் கம்பியில் தலை சாய்த்து, உட்கார்ந்த வாக்கில், வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் ஒரு பெண். முடி சிக்குப் பிடித்திருக்கிறது. நான். தொட்டிலுக்குள் மிளகு முழுக்கண் விழித்து, அழாமல், என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதை நான் எடுத்திருக்க முடியாது. வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

அவன் கூடத்தில் மிளகுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். போய்க் கேட்கலாம் என்று எழுந்தேன். கேட்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

போகிறேன்.

ஐந்து ரோல் எனக்கு. போக வர நூற்று ஐம்பத்திரண்டு படம் வேண்டும், நூற்று அறுபத்தைந்து இருக்கிறது. ஆறாவது ரோலைப் பொடிக் கேமராவில் மாட்டி நிதானத்திடம் கொடுத்தேன். "உனக்கு என்ன தோணுதோ எடு. எனக்கு அனுப்பாதே. வந்து பார்த்துக்கறேன்." அப்படியே, ஒன்பது வருஷம் தாமதமாக, மடிப்புக்கு அர்த்தத்தையும் சொன்னேன். அவன் தலையாட்டுவதற்குள் மிளகு புரிந்துகொண்டாள். "மடிச்சா முடிஞ்சுது" என்று சொல்லி மேஜை மேலிருந்த கரண்ட் பில்லை நான்காக மடித்து வைத்தாள்.

போன் ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஏழு மணிக்கு. விதியை எழுதியது அத்தை.

மிளகு கார் டிக்கிக்குள் ஏறி உட்கார்ந்து, "நான் சத்தமே போட மாட்டேன், என்னை ரோல்னு நினைச்சுக்கோ" என்றாள். நான் சிரித்தேன். பிறகு ஸ்டெப்னியைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டு நிமிரவே இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

இந்த ஒரு பக்கம் உனக்கு, நிதானம். மற்றப் பக்கங்கள் எனக்கு எழுதிக்கொண்டவை. ஆனால் இப்போது அவற்றையும் நீதான் படிக்கப் போகிறாய்.

வந்து சேர்ந்துவிட்டேன் என்று நேற்று ஏழு மணிக்கே சொன்னேன். சொல்லாதது இது: எழுபத்தாறாவது படம் கடல் இல்லை. மீட்டர் ஐம்பதைத் தொட்டது கடலுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், ஒரு சிமெண்ட் கிடங்கின் பின்சுவருக்கு நேராக. விதி விதிதான். சுவரை எடுத்தேன். பிறகு கேமராவைக் காரிலேயே விட்டுவிட்டுப் போய்க் காலை நனைத்தேன். கடலுக்குப் படம் கிடையாது.

மெக்கானிக் அக்காவிடம் சொல்லு. நாலாவது நாள் டயர் போயிற்று. ஒன்பது நிமிஷம்.

முதல் மூன்று ராத்திரி விடுதி அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தலையணையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. நாலாவது ராத்திரி கை முழுக்கக் கிரீஸோடு படுத்தவள், காலையில் எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். யாரும் இமையைப் பிரிக்கவில்லை. அழுதேனா என்று கேட்காதே.

கூரியர் கடையில் நின்று எழுதுகிறேன். ஒரு சின்ன அட்டைப்பெட்டி வாங்கினேன். எடுத்து முடித்த இரண்டு ரோல் இதில் இருக்கிறது. நுனியை மடித்திருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் ஃபிரிட்ஜில் வை, அத்தையின் டப்பாவைக் கொஞ்சம் நகர்த்திக்கொள். கத்தரிக்கோல் பக்கமே போகாதே.

இந்த நோட்டையும் பெட்டியில் வைக்கிறேன். மார்ச் 14, மார்ச் 24, இரண்டையும் மெதுவாகப் படி. அந்த வருஷத்தைப் பற்றி நான் வாயால் சொல்வேன் என்று இனியும் காத்திருந்தால் நமக்கு வயசாகிவிடும். திட்டியதையும் படிப்பாய். அது அப்படியே இருக்கட்டும், கோடு போட்டு அடிக்கவில்லை.

நோட்டுக்குள் ஒரு படத்துண்டு இருக்கும். விளக்கில் பிடித்துப் பார். நீ எடுத்ததுதானே? அப்படியென்றால் அன்றைக்கு எல்லாம் தெரிந்துதான் அங்கே நின்றாயா? என்னை ஏன் எழுப்பவில்லை? அவள் விழித்திருந்தாளே. இதைப் போனில் கேட்க எனக்கு வராது, போனில் கேட்டால் நீயும் "ஒண்ணுமில்லை, தூங்கட்டும்னு விட்டேன்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். நீளமாக எழுது. எழுத வராவிட்டாலும் எழுது.

பதின்மூன்றாம் தேதி திரும்பும் வழியில் நான் தங்கும் விடுதியின் முகவரியைப் பின்னட்டையில் எழுதியிருக்கிறேன். பெட்டி உன் கைக்கு வர மூன்று நாள் ஆகுமாம். சீக்கிரம் பதில் எழுது.